அரசிக்காக இரண்டு காரியங்கள்

இறந்தவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று யோசிக்கும்போதெல்லாம், இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் கெடிங்டன் கிராமத்தின் நடுவே நிற்கும் கற்சிலுவை நினைவுக்கு வரும். 1290 நவம்பர் 28 அன்று லிங்கனுக்கு அருகே ஹார்பியில் அரசி எலினார் இறந்தார். 36 ஆண்டு மணவாழ்வு. சிலுவைப்போருக்குக்கூட உடன் சென்றவர். கணவர் முதலாம் எட்வர்ட் அவருடைய உடலை வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுபோனார். வழியில் இரவு தங்கிய 12 இடங்களில் பிறகு சிலுவைகள் எழுந்தன. எஞ்சியவை மூன்று; அதிகம் சிதையாதது கெடிங்டனில் உள்ளதுதான். முப்பட்டையாக ஒடுங்கி உயரும் கல். கீழே பூவேலைப்பாட்டின் மேல் காஸ்டீல், லியோன், இங்கிலாந்து, போந்தியூ சின்னங்கள். மேலே மாடத்துக்கு ஒருவராக மூன்று எலினார்கள். வழிப்போக்கர்கள் நின்று அவருடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

எல்லாரும் மனமுவந்து வேண்டியிருப்பார்களா? எலினார் நிலம் சேர்ப்பதில் தீவிரமானவர். யூதர்களிடம் கடன்பட்டவர்களின் பத்திரங்கள் அவர் கைக்கு வந்தன. அதன்வழி நிலங்களும் வந்தன. அவருடைய அதிகாரிகள் குடிகளைக் கசக்கினார்கள். பேராயர் ஜான் பெக்கம் கண்டித்தே எழுதினார். அரசி இறந்தபின் அந்தப் புகார்களை விசாரிக்க எட்வர்ட் ஆணையிட்டார்.

எனக்கு அந்த விசாரணைதான் பெரிய காரியமாகப் படுகிறது. சிலுவை எழுப்ப அன்பும் பணமும் போதும். விசாரணைக்கோ, நான் நேசித்தவள் பிறருக்குத் தீங்கு செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும்.

அப்பா போனபின் அவருடைய படத்தை எங்கே மாட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அம்மா கணக்கு நோட்டை எடுத்து வந்து, "முதல்ல இதைத் தீர்த்துட்டு வாங்க" என்றார். பணம் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுப்பது எளிதாகத்தான் இருந்தது. நோட்டில் பெயர் இல்லாத ஒருவர் இருந்தார்: அப்பா பல வருஷம் பேசாமலே இருந்த சித்தப்பா. அவர் வீட்டுக்கும் போனோம். தன் மனக்குறையை எல்லாம் கொட்டினார். அப்பாவுக்காகப் பரிந்து பேச நாக்குத் துடித்தது, பேசவில்லை.

எட்வர்டின் கணக்கிலும் விடுபட்டவர்கள் உண்டு. அதே 1290இல்தான் அவர் யூதர்களை இங்கிலாந்தை விட்டே வெளியேற்றினார். அரசியின் மேலான புகார்களைக் கேட்க ஆள் உட்கார்ந்தபோது, அவர்கள் நாட்டில் இல்லை.