பெறுபேறு யாருடையது?

பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் 'தகுதி' என்ற சொல் நம் செவிகளில் ஓயாது ஒலிக்கிறது. படித்தவன் முன்னேறினான், படியாதவன் பின்தங்கினான், இதில் யாரை நோவது என்று கேட்பவர்கள் தாம் நியாயமே பேசுவதாக நம்புகிறார்கள். தனியொரு மாணவனைப் பொறுத்தவரை இக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் ஓர் ஊரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் பின்தங்க, அயலூரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் முந்திநிற்கும்போது, அந்தத் தகுதி யாருடையது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள சான் அன்ரோனியோ நகரின் வரலாறு இக்கேள்வியைத் தெளிவாக நம்முன் வைக்கிறது.

அமெரிக்காவின் அரசாங்கப் பாடசாலைகள் பெரும்பாலும் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்து நிர்வகிக்கப்படுகின்றன. வட்டாரம் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள வீடு, நிலம், தொழிற்சாலை ஆகியவற்றின் பெறுமதிமீது ஆதனவரி விதித்துத் தன் பாடசாலைகளை நடத்துகிறது. மாநில அரசும் சமஷ்டி அரசும் தத்தம் பங்கைக் கொடுக்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது மக்களாட்சியின் நல்லதொரு மாதிரியாகவே தோன்றும்.

சான் அன்ரோனியோவில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என இரு வட்டாரங்கள் உள்ளன. 1967-68ஆம் கல்வியாண்டில் எட்ஜ்வுட்டில் ஏறத்தாழ 22,000 மாணாக்கர் பயின்றனர். அவர்களுள் நூற்றுக்கு 90 பேர் மெக்சிக்க வம்சாவளியினர். 6 பேருக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அலமோ ஹைட்ஸ் ஆறு பாடசாலைகளும் ஏறத்தாழ 5,000 மாணாக்கரும் கொண்ட சிறிய வட்டாரம். அங்கே மெக்சிக்க வம்சாவளியினர் நூற்றுக்கு 18 பேரே. எட்ஜ்வுட்டில் மாணவன் ஒருவனுக்கு 5,960 டொலர் பெறுமதியான ஆதனம் இருந்தது. அலமோ ஹைட்ஸில் அது 49,000 டொலரைத் தாண்டியது.

எட்ஜ்வுட் மக்கள் கல்வியில் அக்கறையற்றவர்களா? வரிக்கணக்கு வேறுவிதமாகக் கூறுகிறது. 100 டொலர் ஆதனத்துக்கு அவர்கள் 1.05 டொலர் வரி செலுத்தினர்; செல்வர் வாழும் அலமோ ஹைட்ஸ் 85 சதமே செலுத்தியது. ஆயினும் மாநிலத் திட்டத்துக்குரிய பங்கு போக, எட்ஜ்வுட்டின் பிள்ளைக்கு உள்ளூர் வரியிலிருந்து கிடைத்தது 26 டொலர். அலமோ ஹைட்ஸின் பிள்ளைக்கு 333 டொலர். மாநில, சமஷ்டி உதவிகள் யாவற்றையும் சேர்த்த பின்னரும் ஒருபுறம் 356 டொலர், மறுபுறம் 594 டொலர். ஏழை தன் சக்திக்கு மேலாகக் கொடுத்தான். அவன் பிள்ளைக்குக் குறைவாகக் கிடைத்தது.

இந்த எல்லைக் கோடுகள் தாமாக விழுந்தவையுமல்ல. சான் அன்ரோனியோவின் பல பகுதிகளில் வெள்ளையரல்லாதார்க்கு விற்கலாகாது என்ற நிபந்தனை காணி உறுதிகளிலேயே எழுதப்பட்டிருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாதென்று 1948இல் தீர்ப்பாயிற்று. அதற்குள் யார் எங்கே வாழ்வது என்பது பெரும்பாலும் முடிந்த காரியமாகிவிட்டது. மொழியின் கொடுமையும் இதனோடு சேர்ந்தது. டெக்சாஸின் 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்திலன்றிப் பிறமொழியிற் கற்பிப்பதைக் குற்றமாக்கிற்று. தாய்மொழியாகிய ஸ்பானிய மொழியைப் பாடசாலையிற் பேசியமைக்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகள் பலர். பிள்ளையின் நாவைக் கட்டிவிட்டு அவன் பேச்சுத்திறனுக்குப் புள்ளியிடுவது என்ன நீதி?

1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பாடசாலை மாணாக்கர் வகுப்புகளை விட்டு வெளியேறி ஊர்வலம் சென்றனர். பழுதடைந்த கட்டடம் சீர்பெற வேண்டும், தகுதிபெற்ற ஆசிரியர் வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். அக்காலத்தில் எட்ஜ்வுட் ஆசிரியருள் நூற்றுக்கு 47 பேர் தற்காலிக அனுமதியின் பேரிற் கற்பித்தனர். அலமோ ஹைட்ஸில் 11 பேரே. விமானப்படைத் தளமொன்றில் உலோகத் தகட்டு வேலை செய்த டிமெட்ரியோ றொட்ரிகெஸ் என்ற தொழிலாளியும் ஏனைய பெற்றோரும் அதே ஆண்டில் வழக்குத் தொடர்ந்தனர். கீழ் நீதிமன்றம் 1971இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1973 மார்ச்சில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அதனை மாற்றிற்று. சமஷ்டி அரசியலமைப்பு கல்வியை அடிப்படை உரிமையாகக் கூறவில்லை என்பதும், உள்ளூர் மக்களின் கட்டுப்பாட்டைப் பேண இம்முறை பொருத்தமானதே என்பதும் பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதங்கள். மாறுபட்ட நீதியரசர் தர்குட் மார்ஷல் அதன் பொய்ம்மையைச் சுட்டினார்: மக்களின் விருப்பமும் தியாகமுமே கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதாயின், கூடிய விகிதத்தில் வரிசெலுத்தும் எட்ஜ்வுட்டில் அன்றோ சிறந்த பாடசாலைகள் இருந்திருக்கவேண்டும்! கையில் ஒன்றுமில்லாதவனுக்கு, விரும்பியதைச் செலவிடும் சுதந்திரம் உனக்கு உண்டு என்று கூறுவது பரிகாசமே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை, நாடெங்கும் ஏறத்தாழ 6 இலட்சம் மாணாக்கரை ஆராய்ந்து, பாடசாலை வசதிகளைக் காட்டிலும் குடும்பச் சூழலே பெறுபேற்றோடு நெருங்கிய தொடர்புடையது என்று கண்டது. எனவே பணத்தைக் கொட்டிப் பயனில்லை என்று சிலர் முடிவுகட்டினர். அந்த அறிக்கை கூறிய ஏனையவற்றை அவர்கள் வசதியாக மறந்தனர். உடன்பயிலும் மாணாக்கரின் சமூக நிலையும் பெறுபேற்றைப் பாதிக்கிறது என்றும், ஆசிரியரின் தரம் சிறுபான்மையினப் பிள்ளைகளையே கூடுதலாகப் பாதிக்கிறது என்றும் அது கூறிற்று. வறுமை வீட்டிலேயே தொடங்குகிறது என்பது மெய்யானால், அவ்வீட்டுப் பிள்ளைக்கு மிகச்சிறந்த ஆசிரியரை அனுப்புவதல்லவா நியாயம்? எட்ஜ்வுட்டில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு.

பின்னர் எட்ஜ்வுட் மாநில நீதிமன்றத்தை நாடியது. மாணவர் தலைக்குரிய ஆதனப் பெறுமதியில் மிகச் செல்வமுள்ள வட்டாரத்துக்கும் மிக வறிய வட்டாரத்துக்கும் இடையே 700க்கு 1 என்ற வேற்றுமை நிலவியதைச் சுட்டி, டெக்சாஸ் உயர் நீதிமன்றம் 1989இல் ஏகமனதாக அம்முறையை நிராகரித்தது. 1993இல் செல்வ வட்டாரங்களின் மிகைவருமானத்தில் ஒரு பகுதியைப் பகிரும் சட்டம் வந்தது. நிதியின் இடைவெளி குறைந்தது. ஆயினும் எட்ஜ்வுட்டும் அலமோ ஹைட்ஸும் இன்றும் தனித்தனி வட்டாரங்களே.

முயற்சி பொருளற்றது என்று நாம் கூறவில்லை. முயலும் மாணவன் பாராட்டுக்குரியவன். ஆயின் பெறுபேற்று அட்டவணை அவன் முயற்சியை மாத்திரம் அளப்பதில்லை. அவன் தந்தையின் கூலியையும், தாயின் மொழியையும், காணி உறுதியின் நிபந்தனையையும், யாரோ வரைந்த எல்லைக்கோட்டையும் சேர்த்தே அளக்கிறது. ஆதலின் அட்டவணையின் அடியில் நிற்கும் பாடசாலையைக் கண்டு, "இவர்கள் ஏன் படிக்கவில்லை?" என்று கேட்குமுன், "இவர்களுக்கு நாம் எதனைக் கொடுக்கவில்லை?" என்று ஆசிரியரும் மாணவரும் கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு விடைசொல்லும் கடமை சமுதாயம் முழுவதையும் சார்ந்தது.