இதே மாதிரி இன்னொன்று

"இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா சொல்லுப்பா" என்று கேட்பவர்கள் எதைக் கேட்கிறார்கள்? கொரியத் தொடர்களும் ஜப்பானியப் படங்களும் பார்க்கிறவர்கள் நடுவில் ஓயாமல் புழங்கும் கேள்வி இது. பதிலும் தயாராக இருக்கும்: காதல் கதைக்கு இன்னொரு காதல் கதை, கொலைக் கதைக்கு இன்னொரு கொலைக் கதை. உடனே பதில் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுக் கொஞ்ச காலம் ஆகிறது. பதினாறு எபிசோட் ஓடும் ஒரு தொடரை முடித்தவர் சில மனிதர்களோடு அத்தனை மணி நேரம் கூடவே இருந்துவிட்டு வருகிறார். கோடை விடுமுறைக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் வீடு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் அவர் மனசு. அந்த நேரத்தில் ஒரு பெயரைக் கையில் திணித்து அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

கதை ஒத்திருந்தால் போதும் என்பார்கள். போதாது என்பதற்கு யோகோ காமியோ வரைந்த 'ஹனா யோரி டாங்கோ' என்ற ஜப்பானிய மாங்கா சித்திரக்கதையே சாட்சி. பணக்காரப் பள்ளியில் படிக்கும் ஓர் ஏழைப் பெண், அந்தப் பள்ளியை ஆட்டிப்படைக்கும் நான்கு பையன்கள். இந்த ஒரே கதை 2001-இல் தைவானில் 'மீட்டியோர் கார்டன்' ஆனது, 2005-இல் ஜப்பானியத் தொடர், 2009-இல் கொரியாவில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்', 2018-இல் மறுபடி சீனாவில். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்கள் தமிழ் பேசிய காலத்தில் இந்தக் கதையைப் பார்த்துத்தான் அவர் இந்தப் பக்கம் வந்தார். பிடித்துப்போனதைப் பார்த்து யாரோ ஜப்பானியத் தொடரை எடுத்துக் கொடுத்தார்கள். கொரியர்கள் 25 எபிசோடில் சொன்னதை ஜப்பானியர்கள் முதல் சீசனில் ஒன்பதில் முடித்திருந்தார்கள். அக்கா இரண்டைத் தாண்டவில்லை. "கதை அதேதான் தம்பி. ஆனா அந்தப் பொண்ணு இல்லையே" என்றார்.

பிறகு ஒருநாள் அவராகவே 'ரிப்ளை 1988' பார்த்துவிட்டு வந்து, தான் தேடியது இதுதான் என்றார். எனக்கு முதலில் பிடிபடவில்லை. இதில் பணக்காரப் பள்ளி ஏது? சோல் நகரத்து சாங்முன்-தொங் பகுதியில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பம். சாயங்காலமானால் ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுக் கீரை இந்த வீட்டுக்கு வரும். தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் சந்தில் ஒருவரை ஒருவர் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பார்கள். 'இதுக்கு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தே சாப்பிடலாமே' என்று அலுத்துக்கொள்வான் ஒருவன். இந்தச் சந்துதான் அக்காவை இழுத்திருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். அவர் சொன்னது கேக் காட்சி. நடுப்பிள்ளை தொக்-சனின் பிறந்தநாளை ஒவ்வொரு வருடமும் அவள் அக்காவின் பிறந்தநாளோடு சேர்த்தே முடித்துவிடுவார்கள். இந்த முறையாவது தனியாகக் கொண்டாடச் சொல்லியிருந்தாள். மறுபடியும் அக்காவின் கேக்கே அவளுக்கும் என்றதும், இத்தனை வருடம் அடக்கி வைத்தது அத்தனையும் வெடித்து அழுதுவிடுவாள். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' நாயகி, பள்ளியே பார்த்து நடுங்கும் பையனை எகிறி உதைப்பாளே, அந்தக் காட்சியையும் அக்கா கூடவே சொன்னார். பொறுத்துப் பொறுத்துப் போன பெண் ஒரு கட்டத்தில் வாயைத் திறப்பதுதான் அவருக்கு இரண்டையும் இணைத்தது. எந்த ஓடிடியின் பரிந்துரை வரிசையும் இந்த இரண்டு தொடரையும் இப்படி அடுத்தடுத்து வைத்திருக்காது. அவர் என்ன பார்த்தார் என்பது அதற்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தார், ஏன் பார்த்தார் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் தெரியும்.

நடிகரை வைத்துச் சொல்வது, இயக்குநரை வைத்துச் சொல்வது எல்லாம் உண்டு. இயக்குநர் வழி கொஞ்சம் நம்பகமானது. ஆனால் கிம் வொன்-சோக் என்ற ஒருவரே அலுவலகக் கதையான 'மிசேங்', பழைய வாக்கிடாக்கி வழியே துப்புத் துலக்கும் 'சிக்னல்', 'மை மிஸ்டர்', ஜெஜு தீவில் ஒரு ஆயுள் முழுக்க நீளும் 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' நான்கையும் எடுத்திருக்கிறார். ஒன்றைப் பார்த்து நெஞ்சு நிறைந்தவருக்கு இன்னொன்று ஒட்டாமல் போகலாம்.

அக்காவின் மாமியார் போன புரட்டாசியில் தவறிவிட்டார். பல வருடம் படுக்கை. குளிப்பாட்டியது, ஊட்டியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் அக்காதான். சில மாதம் கழித்து 'மை மிஸ்டர்' பார்த்துவிட்டு அதே கேள்வியோடு வந்தார். எது மனசில் நிற்கிறது என்று கேட்டேன். அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த காபிப்பொடிப் பாக்கெட் இரண்டை வெந்நீரில் கொட்டிக் குடித்து, அதையே ராச்சாப்பாடாக முடித்துக்கொள்ளும் பெண் அந்தத் தொடரின் ஜி-ஆன். காது கேளாத, வாய் பேசாத பாட்டியைத் தன்னந்தனியாக வைத்துக் காப்பாற்றுகிறாள். பாட்டி நிலாவைப் பார்க்க ஆசைப்பட, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் உட்காரவைத்து மேட்டுத் தெருவில் தள்ளிக்கொண்டு போவாள். அதைத்தான் சொன்னார் அக்கா. "எங்க மாமியாரும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேப்பாங்க" என்றார். மேலே பேசவில்லை.

அவருக்கு எதைச் சொல்வது? எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 2019-இல் வந்த 'தி லைட் இன் யுவர் ஐஸ்'. காலத்தைத் திருப்பும் கடிகாரம் வைத்திருக்கும் 25 வயதுப் பெண் ஒருநாள் விடியலில் கிழவியாக எழுந்திருக்கிறாள். கிழவியாக நடித்த கிம் ஹே-ஜாவுக்கு அந்த ஆண்டின் பெக்சாங் விருதுகளில் தலைவிருதான தேசாங் கிடைத்தது. பாதி வரை சிரித்துச் சிரித்துப் பார்க்கலாம். அதற்கு மேல் நான் இங்கேயும் சொல்ல மாட்டேன். சொன்னால் தொடரே போய்விடும். ஆனால் வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டவருக்கு அதன் கடைசி எபிசோட்கள் மற்றவர்களுக்கு இறங்குவதுபோல் இறங்காது. முன்கூட்டிச் சொன்னால் அவருக்குக் கிடைக்க வேண்டியதை நான் பறித்துவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், நம்பிக் கேட்டவரைக் கண்ணைக் கட்டி அழைத்துப் போகிறேன். ஸ்பாய்லர் என்று எல்லோரும் பதறுகிறோம். நம்பி வந்தவரின் மனசைவிடக் கதையின் ரகசியம் பெரியதா என்று நாம் யோசிப்பது குறைவு. எனக்கு ஆள்தான் முக்கியம். கதையைச் சொல்லவில்லை. "கடைசி மூணு எபிசோடை ராத்திரி தனியா உட்கார்ந்து பார்க்காதீங்க அக்கா, பொண்ணு வந்திருக்கிறப்ப பாருங்க" என்று மட்டும் சொன்னேன். மகள் வந்தபோதுதான் பார்த்தார். இருவரும் சேர்ந்து அழுததாக மகள் சொன்னாள். அக்கா அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

படைப்பாளிகளும் இப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடா 1993-இல், தன் முதல் கதைப்படத்துக்கு முன்பே, தைவான் இயக்குநர்கள் ஹோ சியாவ்-சியனையும் எட்வர்ட் யாங்கையும் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதே ஹோ சியாவ்-சியன் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் நூற்றாண்டுக்காக டோக்கியோவில் 'கஃபே லூமியேர்' எடுத்தார். கொரே-எடா 'மை மிஸ்டர்' பார்த்து, அதில் ஜி-ஆனாக வந்த ஐயூவின் நடிப்பில் மனம் பறிகொடுத்துத் தன் கொரியப் படமான 'புரோக்கர்'இல் அவரை நடிக்கவைத்தார். ஆக, 'மை மிஸ்டர்' மாதிரி இன்னொன்று என்று கேட்பவருக்குக் கொரே-எடாவே 2022-இல் ஒரு பதில் தந்திருக்கிறார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு, பிறந்ததற்கு நன்றி என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்வாளே ஐயூ நடித்த அந்தப் பெண், அந்த இடத்துக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். அக்காவுக்குப் படம் பிடிக்கவில்லை. பெற்ற குழந்தையை வைத்துவிட்டுப் போகிறவளை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. அரை மணி நேரம் வாதாடினார். அந்த அரை மணி நேரத்தில் அவருடைய பிள்ளைப்பருவத்தைப் பற்றி, அவர் இதுவரை சொல்லாத சிலது தெரிந்தது.

இன்னொரு படம் அவருக்கென்று வைத்திருக்கிறேன்: கொரே-எடா தன் தாயை இழந்தபின் எடுத்த 'ஸ்டில் வாக்கிங்', 2008. யாரோ ஒரு சிறுவனைக் கடலிலிருந்து காப்பாற்றப்போய் இறந்த மூத்த மகனின் நினைவு நாளுக்குக் குடும்பம் கூடுகிறது. அம்மா சோளமணிகளை உதிர்த்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறாள்; எண்ணெயில் அவை படபடவென்று வெடிக்கின்றன. பிழைத்த அந்தப் பையன், இப்போது பருத்து வியர்த்து வழியும் வாலிபன், வருடா வருடம் வந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். பாவம், இனி விட்டுவிடலாமே என்று இளைய மகன் சொல்ல, அம்மா நூல் பின்னியபடியே, மறந்துவிடக் கூடாது என்றுதான் கூப்பிடுகிறேன் என்கிறாள். பார்த்துக்கொண்டவர்களின் மனசில் அன்போடு கசப்பும் தங்கிவிடுவதை இவ்வளவு நேராகச் சொன்ன படம் எனக்கு வேறு தெரியாது. அக்கா போன வாரமும் கேட்டார், புதுசா ஏதாவது இருக்கா என்று. ஒரு சமையல் தொடரைச் சொல்லி அனுப்பினேன். புரட்டாசியில் மாமியாரின் முதல் வருடத் திதி வருகிறது. சமையலும் சொந்தக்காரர்களும் அவர் தலையில்தான் விழும். அது நல்லபடியாக முடியட்டும். ஐப்பசியில் சொல்கிறேன்.