யார் எழுந்திருப்பது?

இரண்டு மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகிறோம். “எப்படி இருந்தீங்க?” என்று கேட்கிறார். “ஓகேதான் டாக்டர்” என்கிறோம். அறுபது இரவுகள் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டன. பொய் சொல்லவில்லை. மனச்சோர்வு ஞாபகத்தையும் சேர்த்தே பாதிக்கும். இன்றைக்கு மனம் லேசாக இருந்தால் போன மாதமும் பரவாயில்லை என்றே தோன்றும். இன்றைக்கு இருண்டிருந்தால் எல்லா நாளும் இருட்டு.

மனநலச் சிகிச்சையைப் பின்தொடரும் கைப்பேசிச் செயலிகள் வந்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான். தூக்கம் எத்தனை மணி நேரம், மாத்திரை போட்டாச்சா, மனம் எப்படி என்று தினமும் கேட்கும். அடுத்த சந்திப்பில் எல்லாம் மருத்துவர் முன்னால் ஒரு வரைபடமாக விரியும். ரவாங்கிலிருந்து செலாயாங்குக்கோ சுங்கை பூலோவுக்கோ போய், காத்திருந்து, சில நிமிடங்கள் மட்டும் பேசித் திரும்புகிறவருக்கு இது சின்ன உதவி இல்லை. மருத்துவர்களும் பெரும்பாலும் இதை மறுப்பதில்லை. ஆனால் அவர்களிடம் கருத்துக் கேட்ட ஆய்வுகளில் சில தயக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இதையெல்லாம் படிக்க நேரம் ஏது? தகவல் யார் கைக்குப் போகும்? நோயாளி ஆபத்தில் இருப்பதைச் செயலி காட்டி, நான் அதைப் பார்க்காமல் விட்டால் பொறுப்பு யாருடையது?

தொழில்நுட்ப பயம் என்று இதை ஒதுக்குவது சுலபம். எனக்கு அந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விடக் கனமாகப் படுகிறது.

பிஎச்கியூ-9 என்ற வினாப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2001-இல் வெளியான இது இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ கடந்த இரண்டு வாரங்களில் எண்ணம் வந்ததா என்று ஒன்பதாவது கேள்வி கேட்கிறது. கிளினிக்கில் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், பேனா அந்த இடத்தில் தயங்குவதை அவர் பார்ப்பார். அதே கேள்வி இரவு இரண்டு மணிக்குத் திரையில் வருகிறது. ‘கிட்டத்தட்ட தினமும்’ என்பதற்கான 3-ஐ ஒருவர் தொடுகிறார். சர்வரில் பதிவாகிறது. திரை நன்றி சொல்கிறது. யார் படித்தார்கள்?

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய சிக்கல். சர்வர் விழுந்தால் அலாரம் அடிக்கும்படி வைப்போம். அதற்கு முன்னால் ஒரு பட்டியல் வேண்டும்: இந்த வாரம் ‘ஆன்-கால்’ யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யார். எழுந்திருக்க ஆள் இல்லாத அலாரம் வெறும் சத்தம். அளவுக்கு மீறி அடித்தாலும் அப்படித்தான், காது பழகிவிடும். ஓர் ஆன்லைன் கடையின் சர்வருக்கு இவ்வளவு ஏற்பாடு செய்கிறோம். தூங்க முடியாமல் 3-ஐத் தொட்ட மனிதருக்கு?

கேட்பது ஒரு வாக்குறுதி என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் “சாப்டியா?” என்று கேட்டு, எதிரில் இருப்பவர் “இல்ல” என்றால், கேட்டவர்தான் தட்டு எடுத்து வைக்க வேண்டும். “சரி, குறிச்சுக்கிட்டேன்” என்று நகர முடியாது. கேட்காதவர் உதவவில்லை, அவ்வளவுதான். கேட்டுவிட்டு நகர்கிறவரோ, சொல்லியும் பயனில்லை என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

அப்படியென்றால் கேட்காமலே விட்டுவிடலாமா? அதுவும் நழுவல்தான். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க முடிந்தது. இத்தனை காலம் பூட்டியிருந்த வாய்கள் இப்போதுதான் திறக்கின்றன. பொறுப்பு நம் தலையில் விழுமே என்று இந்த நேரத்தில் காதைப் பொத்திக்கொள்வது சரியில்லை.

தகவல் யார் கைக்குப் போகும் என்ற பயமும் நியாயமானது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகள் திருடுபோய், 2020-இல் நோயாளிகளுக்கே நேரடியாக மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன: பணம் கொடு, இல்லாவிட்டால் உன் ரகசியம் வெளியே வரும். நமக்கோ ‘கண்காணிப்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தோட்டத்துக் கங்காணி நிற்கிறார். விடியற்காலைப் பெரட்டில் தலைகளை எண்ணியவர். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு உண்டு. வராதவர் ஏன் வரவில்லை என்பது அந்தக் கணக்கில் கிடையாது. செயலிகளும் அப்படி எண்ணுவதோடு நின்றுவிடக்கூடும்.

ஆகவே செயலி வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் யார் இருக்கிறார் என்று கேட்கலாம். மருத்துவமனை ஒரு செயலியை வாங்கினால், அதைப் படிக்கப்போகும் தாதியின் வேலை நேரத்துக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். படிக்க ஆள் இல்லையென்றால் முதல் திரையிலேயே சொல்லிவிட வேண்டும்: “நீங்கள் எழுதுவதை அடுத்த சந்திப்பு வரை யாரும் பார்க்கமாட்டார்கள்.” கடுமையாக இருக்கும், ஆனால் ஏமாற்று இருக்காது. அதன் கீழேயே ஓர் எண் இருக்கட்டும்: 03-7627 2929. 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் எண் அது. இரவு இரண்டு மணிக்கும் அங்கே போனை எடுக்க ஆள் இருக்கிறது.