நீரில் புகை இல்லை

லேப்டாப் தானாக அணைந்து தானாக எழுகிறது என்றால், "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பதுதான் முதலில் காதில் விழும் வைத்தியம். அடித்தபின் நாலு நாள் ஒழுங்காக ஓடும். ஓடியதையே ஆதாரமாக வைத்து பில் போட்டுவிடுவார்கள். சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் பார்க்கிற எனக்கு இதைவிட மனம் வலிக்கிற விஷயம் கிடையாது. கோளாறு வராமல் இருப்பது வேறு, ஏன் வந்தது என்று தெரிந்துகொள்வது வேறு.

மணிமேகலை காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தருக்கம், சொல்லித் தருகிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அதற்குத் திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு, அடுக்களை: அங்கே புகையும் நெருப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பெரும்பாலும் நாம் இதோடு நின்றுவிடுவோம். அடிகள் இன்னொன்றும் காட்டுகிறார். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல. அந்த நீரைத் தேடிப் போவதுதான் என் வேலை முழுக்க.

ஒரு கல்லூரி மாணவி, புராஜெக்ட் கொடுக்கவேண்டிய சமயத்தில், அம்மாவோடு மெஷினைக் கொண்டுவந்தாள். ஈவன்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தது. அது மெஷின் விழும்போது எழுதுவதில்லை; மறுபடி எழுந்தபின், முன்பு முறையாக அணையவில்லை என்று கண்டு எழுதுவது. விழுந்ததைச் சொல்லும், தள்ளியது யார் என்று சொல்லாது. 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிட்டேன். நீலத்திரை நின்றது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எர்ரர் கோடு. ஒரே டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் இப்படி மாறாது என்று ராம் மேல் சந்தேகம் வந்தது.

"இவளுக்கு ஏழரை நடக்குதுங்க, தொட்டதெல்லாம் இப்படித்தான் ஆவுது" என்றார் அம்மா.

அடிமூடியைக் கழற்றினேன். இரண்டு ஸ்லாட், இரண்டு ராம். ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினேன், விழுந்தது. அதை எடுத்து அதே ஸ்லாட்டில் மற்றதைப் போட்டேன், விழவில்லை. பலர் இங்கே முடித்துவிடுவார்கள். நான் முதல் ராமை மறுபடி எடுத்து அடுத்த ஸ்லாட்டில் சொருகினேன். அங்கேயும் விழுந்தது. அது இருக்கும் இடத்தில் கோளாறு இருக்கிறது, இல்லாத இடத்தில் இல்லை. நல்ல மெஷினை வேண்டுமென்றே மறுபடி கெடுத்துப் பார்க்காமல் காரணம் தெரியும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஏழரையை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ராம் கெட்டாலும் சனி, சரியானாலும் சனி பார்வை விலகியது என்றால், அந்த விளக்கத்துக்கு நீர் எங்கே? எதற்கும் பொருந்துகிற ஒன்றால் எந்த ஸ்லாட்டைப் பார்ப்பது என்று சொல்ல முடியாது. அதே சமயம், ஏன் என் பெண்ணுக்கு, ஏன் இந்த வாரம் என்று அந்த அம்மா கேட்டது பொய்க்கேள்வி அல்ல. அதற்கு ராம் பதில் சொல்லாது. ஊழ் பேசவேண்டிய இடம் அது. சோதிக்கவேண்டிய இடத்தில் ஊழைக் கொண்டுவந்து வைப்பது ஊழுக்கும் மரியாதை இல்லை.

புது ராம் போட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு எர்ரரும் இல்லை. அப்போதும் "இனி வராது" என்று சொல்லவில்லை. அன்றிரவு வரவில்லை என்பதைத்தான் கண்டேன். அதையே பில்லில் எழுதி, பழைய ராமையும் கவரில் போட்டு அவர்கள் கையில் கொடுத்தேன்.