தோற்பவர் ஆடலாமா?

தொடர்ந்து தோற்பவர் களத்தை விட்டு விலகுவதே நேர்மை அன்றோ என்று நம் பேரன் ஒரு நாள் கேட்டான். 2019ஆம் ஆண்டு புரோ கபடி ஆட்டங்களை வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சியில் கண்டுவந்த காலம் அது. அப்போது நம்மால் விடை கூற இயலவில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் கபடி அறியாதவர் அரியர். ஆகவே தமிழ் தலைவாஸ் அணியின் வீழ்ச்சி பலருக்கும் சொந்த வீழ்ச்சியாகவே பட்டது. அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் எனப் பெயர்பெற்ற வீரர்கள் இருந்தும் 22 ஆட்டங்களில் வெற்றி 4, சமன் 3, தோல்வி 15. பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். பயிற்சியாளர் இ. பாஸ்கரன் பருவத்தின் நடுவிலேயே விலகினார்.

எனினும் அவ்வட்டவணையில் ஒரு நுட்பம் உண்டு. அன்றைய விதிப்படி வெற்றிக்கு 5 புள்ளிகள், சமனுக்கு 3. ஏழு புள்ளிகளுக்கு மிகாத வேறுபாட்டில் தோற்றவர்க்கும் 1. அவ்வணியின் மொத்தம் 37. வெற்றியும் சமனும் தந்த 29 போக, எஞ்சிய 8 புள்ளிகளும் தோல்வியில் ஈட்டியவை! பதினைந்தில் எட்டு ஆட்டங்களில் எளிதில் விட்டுக்கொடாமல் தோற்றிருக்கிறார்கள். விடைத்தாள் திருத்திப் பழகிய நமக்கு இக்கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்விதியை நீக்கிவிட்டனர், ஏனோ!

பணியில் இருந்தபோது, தோற்றுத் திரும்பும் மாணவரிடம் தோல்வி வெற்றிக்குப் படி என்று சொல்லி அனுப்புவோம். அது மெய்தானா என்று ஆராய்ந்ததில்லை. ஒருமுறை, மூன்றாண்டுகள் தொடர்ந்து தோற்ற கபடி அணியைப் பள்ளிக்கு இழுக்கு என்று நிர்வாகம் கலைத்துவிட்டது. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தார்கள். நாம் வாய் திறக்கவில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பிரெய்ரி வியூ பல்கலைக்கழக அணியைப் பற்றி அறிந்தபோது அப்பிள்ளைகளே நினைவில் எழுந்தனர். பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் அந்நாட்டுக் கால்பந்து அவர்களுடையது. 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 தோல்விகள். 1990இல் அணியே நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது விளையாட்டுக்கான உதவித்தொகை இல்லை. ஆயினும் ஆடினர். 1998 செப்டம்பரில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தை 14-12 என்று வென்றனர். அவ்வெற்றியைப் பலர் பேசுவர். நம் எண்ணமோ இடையில் சேர்ந்து, ஒரு வெற்றியும் காணாமலே படிப்பை முடித்துச் சென்றவர்களைச் சுற்றியே நிற்கிறது. ஏறியவர் வேறு, படியாய்க் கிடந்தவர் வேறு. இவர்கள் உழைப்பு வீண் என்போமா? எதிரில் நின்றவர்க்கு ஆட்டம் கிடைத்தது. உடன் நின்ற தோழன் தனித்துவிடப்படவில்லை. வெற்றி வராவிட்டாலும் இவ்விரண்டும் நடந்தேறின அல்லவா?

ஐப்பசி மழையை நம்பி விதைத்து ஏமாந்த ஆண்டுகள் நம் பக்கத்தில் எத்தனையோ. மறு ஆண்டும் விதைத்தவனை நேர்மையற்றவன் என்று எவரும் சொன்னதில்லை. கடன் தாளாமல் நிலத்தை விட்டுச் சென்றவனைப் பழித்ததும் இல்லை.

கல்லூரி சென்றுவிட்ட பேரனிடம் அண்மையில் இவற்றைக் கூறினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அந்தப் பையன்களிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும், பாட்டி?" என்றான்.

அவர்களுள் ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாகக் கேள்வி. இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும்.