எச்சரித்தால் கடமை தீருமா?

வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவ்வழியே வருவோனிடம், "முன்னே பள்ளம் உள்ளது, பார்த்துச் செல்க" என்று ஒருவன் உரைக்கிறான். அவன் நல்லவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பள்ளத்தைத் தோண்டியவனே அவன்தான் என்றால்? அதை மூடுவதற்குரிய மண்ணும் மண்வெட்டியும் அவனிடமே இருக்கின்றன என்றால்? அப்போதும் அந்த ஒரு சொல்லோடு அவன் கடமை தீர்ந்துவிடுமா? மிகப் பழைய வினா இது. வேலையிடங்களில் இன்று நடைபெறும் பாதுகாப்பு வகுப்புகளையும் நலவாழ்வு வகுப்புகளையும் எண்ணிப் பார்க்குங்கால் இவ்வினா புதியதொரு வடிவில் எழுந்து நிற்கிறது.

சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவோர் யாராயினும் முதலில் பாதுகாப்புப் பயிற்சி பெறுதல் வேண்டும். வேதிப்பொருள்களைக் கையாள்வோர்க்கு ஒரு பயிற்சி. நோய்க்கிருமிகளை ஆய்வோர்க்கு மற்றொன்று. கதிரியக்கப் பொருள்களையும் லேசர் ஒளியையும் பயன்படுத்துவோர்க்கு வேறு பயிற்சிகள். அலுவலகத்தில் அமர்ந்திருப்போரும் விடுபடவில்லை. தீப்பிடித்தால் எவ்வழியே வெளியேறுவது, மயங்கி விழுந்தவர்க்கு முதலுதவி அளிப்பது எங்ஙனம், கணினியின் முன் முதுகு வளையாமல் அமர்வது எப்படி என்பனவெல்லாம் அவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் மனநலமும் இவ்வரிசையில் சேர்ந்துள்ளது.

இவற்றைக் கேட்டவுடன், "வளர்ந்தவர்களுக்கு இவ்வகுப்பு எதற்கு? பேராசிரியர்க்குப் படியில் இறங்கக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? அவரவர் உடலைக் காத்துக்கொள்வது அவரவர் பொறுப்பன்றோ?" என்று வினவுவோர் உண்டு. உடல் அவரவருடையதே. ஆயினும் ஆய்வு மேசை பலருக்கும் பொதுவானது. ஆராய்ச்சியாளர் ஒருவர் மாலையில், பெயர் எழுதப்படாத அமிலக் குப்பியொன்றைக் குப்பைத்தொட்டியில் இட்டுவிட்டு வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். மறுநாள் விடியற்காலையில் அத்தொட்டியைத் தூக்குபவர் ஒரு துப்புரவுப் பணியாளர். கற்றவரின் மறதி, கல்லாதவரின் கையைச் சுடுகிறது. ஆகவே பாதுகாப்புக் கல்வி தன்னலக் கல்வி அன்று. அது பிறர்நலக் கல்வி. "எனக்குத் தேவையில்லை" என்று கூறி அதிலிருந்து விலகும் உரிமை எவருக்கும் இல்லை.

இதுவரையில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. சிக்கல் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. வகுப்பு முடிந்தது, வருகைப் பதிவேட்டில் கையொப்பமும் பெற்றாயிற்று. அக்கையொப்பத்தின் பொருள் யாது? "உனக்குக் கற்பித்துவிட்டோம், இனி உன்னைக் காக்க நாங்கள் துணை நிற்போம்" என்பதா? அன்றி, "உனக்குச் சொல்லியாயிற்று, இனி எது நேரினும் உன் பிழையே" என்பதா? முன்னது அறம். பின்னது அறத்தின் உடை உடுத்திய தற்காப்பு.

தொழிலால் வரும் துன்பத்தை ஆராய்ந்த கல்வி, பல்கலைக்கழகத்தோடு தொடக்கம் முதலே தொடர்புடையது. இத்தாலிய மருத்துவப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமசீனி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான வினாக்களோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவ்வினாவின் நுட்பம் எண்ணத்தக்கது. அது தொழிலாளியின் கவனக்குறைவைத் தேடவில்லை. அவன் நிற்கும் இடத்தையும், மூச்சாக இழுக்கும் காற்றையும் தேடியது.

சிங்கப்பூரின் வரலாறும் இவ்வினாவை மும்முறை எழுப்பியுள்ளது.

1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங் கப்பல் பட்டறையில், 'ஸ்பைரோஸ்' என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. அப்போது நேர்ந்த வெடிப்பில் 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்து வெடிக்கக்கூடிய ஆவி திரண்டிருந்ததும், வெட்டும் சுடர்க்கருவியால் அது பற்றிக்கொண்டதும் பின்னர் விசாரணையில் தெரியவந்தன. சுடர்க்கருவியைப் பிடித்தவனுக்குத் தன் கருவியை நன்கு தெரிந்திருக்கலாம். இரும்புச் சுவருக்கு அப்பால் இருந்த ஆவியை அவன் எங்ஙனம் அறிவான்?

2003ஆம் ஆண்டில் நிகழ்ந்தது பல்கலைக்கழகத்தோடு நேரடித் தொடர்புடையது. அவ்வாண்டு சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி, 33 உயிர்களைக் கொண்டு சென்றது. நோய் அடங்கிவிட்டது என்று நாடு ஆறுதல் கொண்டிருந்த செப்டம்பர் மாதத்தில், பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஒருவர்க்கு அந்நோய் கண்டது. அவர் ஆய்வு செய்தது சார்ஸ் கிருமியை அன்று. மேற்கு நைல் கிருமியை. ஆய்வுக்கூடத்தில் இரண்டும் கலந்துபோயிருந்தன. ஆய்வுக்கூட நெறிமுறைகள் தகுந்தவையாக இல்லாமையும், மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்தமையுமே காரணம் என்று ஆராய்ந்த குழு கூறியது. நல்வாய்ப்பாக மாணவர் நலமடைந்தார். மற்றெவர்க்கும் நோய் பரவவில்லை. எனினும் பாடம் எஞ்சுகிறது. தம் கையிலிருந்த குழாயில் வேறொரு கிருமியும் இருந்ததை அறியாத ஒருவர்க்கு, "கவனமாக இரு" என்னும் அறிவுரை என்ன பயன் தரும்? அவருடைய கவனம் தொடங்குமுன்னரே பிறருடைய கவனம் தவறிவிட்டது.

மூன்றாவது நிகழ்ச்சி 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் நேர்ந்தது. சிராங்கூன் சாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி, வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டப்பட்ட ஆழமான பள்ளம் இடிந்து நால்வர் உயிரிழந்தனர். தாங்கு சட்டங்களின் இணைப்பில் இருந்த வடிவமைப்புப் பிழை ஒரு காரணம். ஆனால் சிந்தையை உறுத்துவது மற்றொன்று. அன்று காலையிலிருந்தே சட்டங்களில் வளைவு தென்பட்டது. இரும்பு அதிரும் ஒலியும் கேட்டது. கண்டவர் இருந்தனர்; கேட்டவர் இருந்தனர். எனினும் பிற்பகலில் இடியும் வரை அங்கே ஆட்கள் இருந்தனர். மேற்பார்வையாளர் ஒருவர் தம்மோடு இருந்தவர்களை வெளியேறச் செய்துவிட்டுத் தாம் மீளாமற் போனார்.

முதல் இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஆபத்தின் நடுவே நின்றவனுக்கு அறிவு எட்டவில்லை. மூன்றாவதில் அறிகுறிகள் எட்டின. அவற்றைக் கொண்டு வேலையை நிறுத்தும் முடிவுதான் உரிய வேளையில் வரவில்லை. இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அறிவு மட்டும் உயிரைக் காப்பதில்லை. அறிந்ததைச் சொல்லும் உரிமையும், சொன்னதைக் கேட்கும் செவியும், கேட்டபின் நிறுத்தும் துணிவும் ஒன்றுசேரும்போதே உயிர் காக்கப்படுகிறது.

பாதுகாப்பு வகுப்பில் கற்பிக்கப்படும் பாடமே இதற்குச் சான்றாகிறது. ஆபத்தைத் தடுக்கும் வழிகளை ஐந்து படிகளாக அப்பாடம் வகுக்கிறது. ஆபத்தை அடியோடு நீக்குதல் முதற்படி; தீங்கு குறைந்த பொருளை மாற்றாகக் கொள்ளுதல் இரண்டாவது; தடுப்பு, காற்றுப்போக்கி போன்ற பொறியியல் அமைப்புகள் மூன்றாவது; விதிகளும் பயிற்சியும் நான்காவது; கையுறை, தலைக்கவசம் போன்றவை ஐந்தாவது. முதல் மூன்று படிகள் எவர் கையில் உள்ளன? பணமும் அதிகாரமும் உடையோர் கையில். பயிற்சி நான்காம் படியிலேயே நிற்கிறது. முதல் மூன்றையும் ஏறாமல், நான்காம் படியைக் கட்டிவிட்டு மாடி கட்டி முடித்ததாக மகிழ்வது எங்ஙனம் தகும்?

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதியதன்று. தீங்கு வருமுன் காக்கும் அறத்தைத் திருக்குறள் தன் 44ஆம் அதிகாரமாகிய குற்றங்கடிதலில் எடுத்துரைக்கிறது. அவ்வதிகாரம் அமைந்துள்ள இடத்தை நோக்குதல் வேண்டும். அது பொருட்பாலின் அரசியலில் உள்ளது. முன்னறிந்து காத்தல் என்பது முதற்கண் ஆள்வோனுக்குரிய பண்பாக வைக்கப்பட்டிருக்கிறது. எவனுக்கு ஆற்றல் மிகுதியோ அவனுக்குக் கடமையும் மிகுதி என்பது அவ்வைப்பு முறையிலிருந்து பெறப்படும் செய்தி எனலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தையைச் சுற்றிலும் சிராங்கூன் சாலையோரங்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூடுகின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புவோரும், நண்பரைக் காண வந்தோருமாக அவ்வீதிகள் நிறைகின்றன. அவர்களுள் தமிழகத்திலிருந்து கட்டுமானப் பணிக்கு வந்தோர் பலர். அவர்களும் கட்டாயப் பாதுகாப்பு வகுப்பில் அமர்ந்து தேறியவர்களே. அவ்வகுப்பு தமிழிலும் நடத்தப்படுவது போற்றத்தக்கது. உயிரைக் காக்கும் சொல், உயிர்க்கு நெருங்கிய மொழியில் வருவதே முறை.

இனி இருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், "நச்சாவியை வெளியேற்றும் கருவி பழுதாகியுள்ளது, சரிசெய்யும் வரை ஆய்வு இல்லை" என்கிறார். அவர் சொல் மதிக்கப்படுகிறது. சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளி ஒருவன், "இப்பலகை ஆடுகிறது, ஏற மாட்டேன்" என்று சொல்ல எண்ணுகிறான். எண்ணும்போதே, பயணத்திற்காக ஊரில் பட்ட கடன் நினைவுக்கு வருகிறது; வேலை போனால் திரும்ப வேண்டிய விமானம் நினைவுக்கு வருகிறது. அவன் வாய் மூடிக்கொள்கிறது. இருவரும் கற்ற பாடம் ஒன்றே. பெற்ற மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கற்றபடி நிற்கும் உரிமை ஒன்றன்று. "அவனுக்குக் கற்பித்திருந்தோமே" என்று பின்னர் ஒருவர் சொல்வாராயின், கல்வியே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. கல்விக்கு இதனினும் பெரிய இழுக்கு உண்டோ?

நலவாழ்வு வகுப்புகளும் இச்சோதனைக்கு உட்பட்டவையே. மூவர் வேலையை ஒருவர் செய்யும் அலுவலகத்தில், மூச்சுப் பயிற்சியால் மனம் அமைதி பெறும் என்று ஒரு மணி நேரம் கற்பிக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதே. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்து வேலையையும் இரவில் செய்து முடிக்க வேண்டியிருந்தால், வகுப்பே புதிய சுமையாகிவிடும். 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அரசும் தொழிற்சங்கமும் முதலாளிமார் சம்மேளனமும் இணைந்து வேலையிட மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பை வெளியிட்டன. முதலாளிகள் ஆற்ற வேண்டியதையும் அது பேசியது என்பது கருதத்தக்கது. மனம் ஊழியருடையது, ஆனால் வேலைப் பங்கீடு மேலாளருடையது.

"பொறுப்பு முழுவதையும் மேலிடத்தில் ஏற்றினால் தொழிலாளி அலட்சியம் கொள்ள மாட்டானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர்மேல் கடமை மிகுவதால் மற்றவர் கடமை மறைந்துவிடுவதில்லை. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருதரப்பார்க்கும் கடமை வகுத்துள்ளது. இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் முதலாளி எடுக்க வேண்டும். வழங்கப்பட்ட காப்புக் கருவிகளைத் தொழிலாளி முறையாகப் பயன்படுத்த வேண்டும். 2011 முதல் அச்சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. தொழிற்சாலைக்கு உரியதாகத் தொடங்கிய அறம் அலுவலக மேசை வரை வந்து சேர்ந்தது.

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. 2004இல் வேலையிட மரணங்கள் ஒரு இலட்சம் தொழிலாளர்க்கு 4.9 என்றிருந்தன; 2023இல் அவ்விகிதம் 0.99 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டில் அது மீண்டும் 1.2 ஆக உயர்ந்தது. 2023இல் மாண்டோர் 36 பேர். 2024இல் 43 பேர். விகிதம் சிறியதாயினும், 43 இல்லங்களுக்கு அது சிறியதன்று. இடையே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஆபத்து மிகுந்த தொழில்துறைகளில் நிறுவனத் தலைவர்களும் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்னும் விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. அதுகாறும் கீழிருப்போர் மட்டுமே அமர்ந்திருந்த மாணவர் இருக்கையில் மேலிருப்போரும் அமரலாயினர். இவ்வறக் கல்வி அன்றுதான் தன் முழுமையை நோக்கி ஓரடி எடுத்துவைத்தது.

ஆசிரியப் பணியை அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடத்தைச் சொல்லி முடித்தவுடன் ஆசிரியர் கடமை முடிவதில்லை. மாணவன் எழுந்து ஐயம் கேட்கும்போது, அக்கேள்வியைப் பொறுமையோடு ஏற்கும்போதுதான் கற்பித்தல் நிறைவுறுகிறது. கேள்வி கேட்டவனைத் தண்டிக்கும் வகுப்பறையில் எவ்வளவு உயர்ந்த பாடம் நடத்தினும் அது வெறும் ஒலியே. பாதுகாப்பு வகுப்பும் அவ்வாறே. அதன் வெற்றியை வருகைப் பதிவேட்டில் தேடுதல் வேண்டா. வகுப்பு முடிந்த மறுநாள், கடைநிலை ஊழியர் ஒருவர், "இது ஆபத்தாகத் தோன்றுகிறது" என்று சொல்லட்டும். அச்சொல்லைக் கேட்டு வேலை ஒரு கணம் நிற்குமா? நிற்குமாயின் அங்கே கல்வி நடந்திருக்கிறது.

பள்ளத்தைக் காட்டுவது நற்செயல். அதை மூடக்கூடியவன் காட்டிவிட்டுக் கைகட்டி நிற்பது கடமை ஆகாது. மண்வெட்டி உடையவன் மண்ணை அள்ளட்டும். வழிப்போக்கன் கண்ணைத் திறந்து நடக்கட்டும். எச்சரிக்கைக்கும் அப்போதுதான் பொருள் உண்டு.