நினைவு போனாலும் நோவு போகுமா?

எங்கள் நன்னிமா எண்பத்திரண்டாம் வயதில் தாம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை மறந்தார்கள். அதற்கு முன்பே தொழுகையின் ரக்அத்துகள் அவர்களுக்குக் குழம்பிப் போயின. லுஹரை நான்கு முறை தொழுவார்கள். பிறகு ஒரு நாள் முஸல்லாவில் நின்றபடியே, "இங்கே எதுக்கு நிக்கிறேன்?" என்று கேட்டார்கள். அல்ஸைமர் என்னும் மறதி நோய் என்றார் மருத்துவர். ஓதியவன் என்பதால் வீட்டார் என் முகத்தைப் பார்த்தார்கள். "இனி நன்னிமா மீது தொழுகை கடமையில்லை, களாவும் இல்லை, அறிவு நீங்கியவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது" என்று ஹதீஸின் கருத்தைச் சொன்னேன். சொன்னது சரிதான். அதிலிருந்து நானாக இன்னொன்றை முடிவு செய்துகொண்டேன். அதுதான் தவறு.

2022ஆம் ஆண்டு, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த விடியற்காலை. பஜ்ருக்கு எழுந்தபோது நன்னிமா பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "விழுந்துட்டீங்களா?" என்று கேட்டோம். "இல்லையே" என்றார்கள். கைத்தாங்கலாகப் பிடித்தால் நடக்கவும் செய்தார்கள். ஆனால் அன்று முதல் சுத்தம் செய்ய இடது காலைத் தூக்கினால் வீடே அதிரக் கத்தினார்கள். என் தாயாரைக் கையால் அடிக்கவும் செய்தார்கள். எங்கே வலிக்கிறது என்று குனிந்து கேட்டால், "வலியா? எனக்கா? மாட்டைப் பிடிச்சுக் கட்டினியா?" என்பார்கள். எங்கள் வீட்டில் மாடு இருந்து நாற்பது வருடம் ஆகிறது.

நான் என்ன செய்தேன்? ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதினேன். தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஓதியதில் குறை ஒன்றுமில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேனே, அதுதான் குறை. "மூளை கலங்கிவிட்டது, அதனால் கத்துகிறார்கள்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒன்பதாம் நாள் உறவுக்காரப் பையன் ஒருவன், மருத்துவம் படித்தவன், பார்க்க வந்தான். அவன் நன்னிமாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே காலை மெல்ல அசைத்தான். எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பின் கழுத்தில் முறிவு தெரிந்தது.

ஒன்பது நாள்! ஓதப் படித்த ஒரு பேரன் பக்கத்தில் இருக்க, உடைந்த எலும்போடு ஒன்பது நாள்.

அறிவு போன இடத்தில் வலியும் போய்விடும் என்று நான் ஏன் எண்ணினேன்? இந்தக் கேள்விதான் மூளையைப் படம் பிடித்து ஆராய்கிறவர்கள் செய்துவரும் வேலையை என்னைத் தேடிப் படிக்கவைத்தது.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே உயிர்க்காற்று நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த இரத்தத்துக்கும் உயிர்க்காற்றை இழந்த இரத்தத்துக்கும் காந்தத் தன்மையில் வேறுபாடு உண்டு. ஸெய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய அறிஞர் 1990இல் இதை வெளிப்படுத்திய பின், எம்.ஆர்.ஐ. கருவியைக் கொண்டு எந்த இடம் எந்த நேரத்தில் வேலை செய்கிறது என்று பார்க்க வழி பிறந்தது. மண்டையைத் திறக்க வேண்டாம். ஊசி குத்த வேண்டாம்.

2006இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் அல்ஸைமர் நோயாளிகள் 14 பேரையும், அதே வயதில் நினைவு நலமாயிருந்த 15 பேரையும் இந்தக் கருவிக்குள் படுக்கவைத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்கள். வலியை உணரும் பகுதிகள் நோயாளிகளின் மூளையில் மங்கிப்போயிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. மங்கவில்லை! நலமாயிருந்தவர்களைவிட அதிகமாகவும், அதிக நேரமும் வேலை செய்தன. வலியின் மீதே கவனம் நிலைத்து நின்றுவிட்டதற்கு இது ஒத்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பாதைதான் நினைவுக்கு வந்தது. பௌர்ணமி இரவில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்து மலையைச் சுற்றுகிறவர்களின் பாதம் வலிக்காமலா இருக்கும்? ஏன் வலிக்கிறது, எப்போது முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். நோன்பாளிக்குப் பசி தெரிந்தாலும் மஃரிபு எப்போது என்றும் தெரியும். அந்தத் தெரிவே பாதி மருந்து. நன்னிமாவுக்கோ ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் அது எங்கிருந்தோ வந்து தாக்கிய புதிய வலி. காரணமும் தெரியாது, முடிவும் தெரியாது. அடித்தார்கள் என்றால், அடிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். 14 பேரை வைத்துச் செய்த ஆய்வு பெரிய ஆய்வல்ல. கட்டைவிரலை ஒரு கணம் அழுத்துவதும் எலும்பு முறிவும் ஒன்றல்ல. அந்தப் படத்தில் தெரிவது இரத்தத்தின் ஓட்டம். வேதனையை எந்தக் கருவியும் இதுவரை படம் பிடித்ததில்லை. வலி ஆராய்ச்சியாளர்களின் உலகச் சங்கம் நியமித்த குழு ஒன்று, 2017இல், ஒருவர் தம் வாயால் சொல்லும் வலிக்கு மூளைப் படம் மாற்றாகாது என்று எச்சரித்தது. வலிக்கிறது என்று சொல்லும் ஏழைத் தொழிலாளியிடம் "படத்தில் தெரியவில்லையே" என்று கைவிரிக்கும் நாள் வந்துவிடக் கூடாதல்லவா? அதே சங்கம் 2020இல் வலிக்குப் புதிய வரையறை தந்தபோது, சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்றும் சேர்த்தது.

அப்படியானால் உறுதி இல்லாத இடத்தில் நாம் என்ன செய்வது? மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. பிரயாணத்தில் கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தொழுகையை விட்டுவிடுகிறோமா? கிடைக்கும் அடையாளங்களைக் கொண்டு முயன்று, எந்தப் பக்கம் மேலோங்குகிறதோ அந்தப் பக்கம் நின்று தொழுகிறோம். கத்தலும் முகச்சுளிப்பும் அடையாளங்கள். மூளைப் படம் அந்த அடையாளங்களின் பக்கம் பாரத்தைக் கூட்டுகிறது.

இதைவிட ஆழமான பாடம் நாம் ஓதிய உஸூலிலேயே இருந்தது. ஹனபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் "நூருல் அன்வார்" கிதாபில் மனிதனின் தகுதி இரு வகையாகப் பேசப்படுகிறது. கடமையை நிறைவேற்றும் தகுதி ஒன்று. உரிமைகளுக்கு உரியவனாயிருக்கும் தகுதி மற்றொன்று. முன்னது அறிவைச் சார்ந்தது; அறிவு குறைந்தால் அது குறையும். பின்னது உயிரைச் சார்ந்தது. வயிற்றிலிருக்கும் சிசுவுக்குக்கூட வாரிசுப் பங்கு ஒதுக்கப்படுவது இதனால்தான். புத்தி மாறிய மூதாட்டியின் நகையை ஒருவன் எடுத்தால் அவன் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். அவர் ஏழையாயிருந்தால் அவருடைய செலவு பிள்ளைகள் மீது கடமை. பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். நன்னிமாவிடமிருந்து உயர்ந்தது அவர்களின் கடமையை எழுதும் கோல். என் கடமையை எழுதுவது உயரவேயில்லை.

"வயோதிகத்துக்கு மருந்தில்லை என்று ஹதீஸிலேயே வந்திருக்கிறதே" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். வந்திருப்பது உண்மை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவிய அந்த அறிவிப்பில் முதுமை மட்டும் விலக்காகச் சொல்லப்படுகிறது. ஆனால் விலக்கு முதுமைக்குத்தான். முதியவரின் உடைந்த எலும்புக்கும், சொத்தைப் பல்லுக்கும், படுக்கைப் புண்ணுக்கும் அல்ல. முள் குத்தினாலும் பாவம் உதிரும் என்ற நற்செய்தியையும் இப்படித்தான் திருப்பிவிடுகிறோம். அது வலியைத் தாங்குகிறவருக்குச் சொல்லப்பட்ட ஆறுதல். பக்கத்தில் நிற்கிறவன் கையைக் கட்டிக்கொள்ள எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டல்ல. ஸபுர் என்பதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் உடம்புக்காக நாம் ஸபுர் செய்ய முடியாது.

இந்த அலட்சியம் நம் வீடுகளில் மட்டும் என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நினைவு நலமாயிருந்தவர்களுக்குக் கொடுத்த கடும் வலி மருந்தில் மூன்றில் ஒரு பங்குதான் மறதி முற்றியவர்களுக்குக் கிடைத்தது. முறிவு ஒன்றே, கேட்கும் நாவு மட்டும் இல்லை. நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் மறதியோடு அமைதியின்மையும் இருந்த 352 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் முறையாக வலி மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு வெறும் பாரசிட்டமால்தான். அவர்களின் கத்தலும் ஆத்திரமும் 17 சதவீதம் குறைந்தன. பைத்தியம் என்று நாம் பெயரிட்டதில் ஒரு பகுதி வலியாக இருந்திருக்கிறது.

வலி நினைவையும் அரிக்குமோ என்ற ஐயமும் எழுந்துள்ளது. பிரிட்டனில் திரட்டிய மூன்றரை லட்சம் பேரின் விவரங்களைச் சீன ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். உடம்பில் பல இடங்களில் நெடுநாள் வலி உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி அவர்கள் மூளையில் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. வலிதான் காரணம் என்று இதைக் கொண்டே தீர்ப்பளிக்க முடியாது. ஆனாலும் வருடக் கணக்கில் முழங்கால் வலியோடு அடுப்படியில் நிற்கும் நம் தாய்மார்களை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் கணக்கிட்டார்கள். வேலூர் கிராமங்களில் இந்த நோயைப் பற்றி வீடு வீடாக விசாரித்த உலக ஆய்வுக் குழுவுக்கு 10/66 என்று பெயர். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருந்தும், அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 10 சதவீதம்கூட இல்லை என்ற வருத்தத்தில் வைத்த பெயர் அது. இன்று கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுரத்துக் கிராம மக்களின் மூளையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையத்தார் படம் பிடித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். நம்மைப் போன்ற ராகியும் சோறும் உண்ணும் மக்களின் மூளை!

வீட்டுக்கு அந்தக் கருவி வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். மூச்சு மாறுகிறதா, முனகுகிறாரா, முகம் சுளிக்கிறதா, கை இறுகுகிறதா, தடவிக் கொடுத்தால் அடங்குகிறதா என்று பார்த்து வலியை மதிப்பிடும் முறை ஒன்றை அமெரிக்க மருத்துவமனைகளில் 2003இலேயே வகுத்தார்கள். பேசத் தெரியாத கைக்குழந்தையிடம் நம் பெண்கள் இதைத்தானே செய்கிறார்கள்? பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியைக்கூடத் தடுத்த திருமறை வசனம் (17:23) முதுமையை அடைந்த பெற்றோரைக் குறித்தே பேசுகிறது. அந்த வயதில்தான் சலிப்பு வரும் என்பது படைத்தவனுக்குத் தெரியும்.

நன்னிமா அதன் பின் ஏழு மாதம் இருந்தார்கள். உடம்பு துடைப்பதற்கு அரைமணி நேரம் முன்பு மருத்துவர் எழுதிய மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்போம். கத்தல் பெரும்பாலும் நின்றது. மாட்டைப் பற்றிக் கேட்பது மட்டும் நிற்கவில்லை. "கட்டியாச்சு நன்னிமா" என்பேன்.

வபாத்தான அன்று குளிப்பாட்ட வந்த பெண்மணி முதலில் தம் முழங்கையில் தண்ணீரை ஊற்றிச் சூடு பார்த்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். "இடது காலை மெல்லத் தூக்குங்க" என்று உள்ளே என் தாயாரின் குரல் கேட்டது.